குளிர்காலப் பொல்லெத்தா: கழிவு யாருடைய பெயருக்கு வருகிறது?

(புதிதாக வந்த உறவுகளுக்காக எமது அமைப்பு நடத்திய தகவல் கூட்டத்தில், ஆலோசனைப் பகுதித் தொண்டர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு வீட்டைச் சூடாக்கும் செலவைப் பற்றியும், அதற்கு அரசாங்கம் தரும் கழிவைப் பற்றியும் கதைக்கப் போகிறேன். முக்கியமாக வயது போன அப்பா அம்மாவோடு இருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கோ.

"பலேர்மோவிலை என்ன குளிர், சிசிலி வெயில் நாடுதானே" என்று வடக்கில் இருக்கும் எங்கடை ஆட்கள் சொல்லுவினம். அரசாங்கமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலி முழுவதையும் காலநிலைப்படி ஆறு வலயங்களாகப் பிரித்தது. லம்பெதூசாத் தீவு ஏ வலயம். பலேர்மோ பி வலயம். இங்கே வீட்டுச் சூடாக்கியைப் பொதுவாக டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரைதான், அதுவும் நாளுக்கு 8 மணித்தியாலம்தான் போடலாம். ஆனால் பல்லாரோ, காப்போ பக்கத்துப் பழைய கல்வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பல வீடுகளில் சூடாக்கியே கிடையாது. உயரமான கூரை, ஈரச் சுவர், மூலைகளில் பூஞ்சணம். வெளியில் என்ன குளிரோ, உள்ளேயும் அதே குளிர். வன்னி வெயிலில் அறுபது எழுபது வருடம் இருந்த உடம்புக்கு இது லேசான விசயம் இல்லை.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் தொலைபேசியில் சொல்லும் கதையால் இங்கே நிறையக் குழப்பம் வருகிறது. "எங்களுக்குக் குளிர்காலக் காசு தானா வருது, நீங்களும் கேளுங்கோ" என்பார்கள். பிரித்தானியாவில் 1997இல் அந்தக் கொடுப்பனவு தொடங்கியபோது வயதுதான் கணக்கு. ஓய்வூதிய வயது வந்தால் போதும். 2024இல் அதை வறியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். பெரிய எதிர்ப்பு வந்தது. 2025இல் ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு உட்பட்டவர்களுக்கு என்று இங்கிலாந்திலும் வேல்சிலும் மாற்றினார்கள். இத்தாலியில் இப்படி வயதை மட்டும் பார்த்துத் தருகிற சூடாக்கும் காசு இல்லை. இங்கே குடும்பத்தின் பொருளாதார நிலையைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே லண்டன் மாமியின் கணக்கை வைத்து இங்கே கந்தோரில் சண்டை பிடிக்க வேண்டாம்.

இங்கே உள்ளதன் பெயர் போனுஸ் சொச்சாலே. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் 2009இல் நடைமுறைக்கு வந்தது. தண்ணீருக்கு 2018இல் வந்தது. காசாகக் கையில் தருவதில்லை, பொல்லெத்தாவில் கழித்து விடுவார்கள். முன்பு இதற்குத் தனியாக விண்ணப்பம் போட வேணும். தகுதி இருந்தும் பல லட்சம் குடும்பங்கள் போடாமலே விட்டன. அதனால் 2021 ஜனவரி 1 முதல் விண்ணப்பமே தேவையில்லை என்று ஆக்கினார்கள். நீங்கள் ஈசே கணக்குச் செய்தால் போதும், அதற்குப் பிறகு இன்ப்ஸ் நிறுவனம் உங்கள் விபரத்தை அனுப்பும், கணினி உங்கள் கொதிச்சே பிஸ்காலேயை எடுத்து நாட்டில் உள்ள மின்சார, எரிவாயு ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் 12 மாதத்துக்குக் கழிவு தானாக வரும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கணினி பார்ப்பது பெயரை. எங்கடை ஆட்களுக்குக் கழிவு கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வறுமை போதாமல் அல்ல.

எங்களிடம் வழமையாக வரும் பிரச்சினையைச் சொல்கிறேன். ஒரு ஐயாவும் அம்மாவும் வருவார்கள். அகதி அந்தஸ்து உண்டு, வருமானம் இல்லை என்று சொல்லலாம், ஈசேயும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். கழிவு வரவில்லை. பொல்லெத்தாவைக் காட்டுங்கோ என்றால் அது வீட்டுக்கார பத்ரோனேயின் பெயரில் இருக்கும். மாதாமாதம் வாடகையோடு லூச்சே காசும் கையில் கொடுத்து வந்திருக்கிறார்கள். கணினியைப் பொறுத்தவரை இவர்களுக்கு மின்சாரமே இல்லை! பத்ரோனே கெட்டவர் என்று இல்லை, சிலர் உண்மையிலேயே உதவியாகத்தான் செய்கிறார்கள். ஆனால் கழிவு யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. அவருக்கும் வராது, இவர்களுக்கும் வராது.

இதற்கு வழி, ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவது. வோல்தூரா என்று சொல்லுவார்கள். வீட்டில் இருக்கிற உரிமையைக் காட்ட வேணும், அதாவது பதிவு செய்த வாடகைக் கொன்றாத்தோ அல்லது வீட்டுக்காரர் எழுத்தில் தந்த வேறு ஆவணம். "நேரோ"வில், பதிவு இல்லாமல் வாடகைக்கு இருப்பவர்கள் இங்கேதான் மாட்டுப்படுவார்கள். மாதம் 30 யூரோ குறைத்துத் தருகிறேன், கொன்றாத்தோ வேண்டாம் என்று யாராவது சொன்னால், அந்த 30 யூரோவுக்காக எதை விடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கோ. கழிவு மட்டும் அல்ல, வதிவிடப் பதிவும் சேர்ந்து போகும்.

வதிவிடப் பதிவைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேணும். அனாக்ரபேயில் உங்கள் பெயர் ரெசிதென்சாவாகப் பதியப்படாமல் ஈசேயை ஒழுங்காகச் செய்ய முடியாது, குடும்பம் யார் யார் என்பதை அதில் இருந்துதான் எடுக்கிறார்கள். தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு உரிமை உண்டு. "உங்களுக்குப் பதிய ஏலாது" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2018இல் வந்த ஓர் அவசரச் சட்டத்தைக் காட்டித்தான் பல நகரசபைகள் தஞ்சம் கோருவோரைப் பதிய மறுத்தன. அப்போது இந்தப் பலேர்மோவின் மேயராக இருந்த லெயோலூக்கா ஒர்லாந்தோ 2019 ஜனவரியில் "என் நகரசபையில் இதை நடைமுறைப்படுத்த மாட்டோம்" என்று நின்றார். நாடு முழுவதும் அது பெரிய செய்தியாக ஓடியது. 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தனது 186ஆம் இலக்கத் தீர்ப்பில் அந்தத் தடையைச் சட்டவிரோதம் என்று நீக்கியது. ஆகவே சொஜோர்ணோ அட்டை இன்னும் வரவில்லை, விண்ணப்பித்த கடதாசி மட்டும் இருக்கிறது என்றாலும் கேட்கலாம், மறுத்தால் எழுத்தில் தரச்சொல்லிக் கேளுங்கோ. இன்னுமொன்று, சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் 48 மணித்தியாலத்துக்குள் குவெஸ்தூராவுக்கு அறிவிக்க வேணும். அது அவர் கடமை, நீங்கள் நினைவூட்டுங்கோ.

வரவேற்பு நிலையத்தில், அதாவது முகாமில் இருப்பவர்களுக்கு இப்போது பொல்லெத்தா கட்டும் வேலை இல்லை. அது நிலையத்தின் பொறுப்பு. ஆனால் வெளியே வரும் நாளில் இதெல்லாம் ஒரேயடியாக வந்து விழும். அதனால்தான் இப்பவே சொல்கிறேன்.

ஈசே செய்வதற்குக் காஃப் கந்தோருக்குப் போக வேணும். தொழிற்சங்கங்களின் காஃப், ஆக்லியின் காஃப் என்று நகரத்தில் பல இருக்கின்றன. காசு கேட்டால் கொடுக்காதீர்கள், ஆண்டின் முதலாவது டி.எஸ்.யு. படிவம் இலவசம். அதில் பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்திய வருமானமும் சேமிப்பும். உதாரணமாக 2025இன் ஈசேக்கு 2023இன் வருமானம், 2023 டிசம்பர் 31இல் வங்கியில் கிடந்த காசு. இடையில் வேலை போய்விட்டால் "ஈசே கொரெந்தே" என்று கேளுங்கோ, புதிய நிலையை வைத்துக் கணிப்பார்கள். 2023 ஜனவரியில் கழிவுக்கான எல்லை 9,530 யூரோவாக்கப்பட்டது. நான்கு அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் இருந்தால் 20,000. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எல்லையைத் திருத்துவதால், படிவம் போடும் நாளில் உள்ள தொகையைக் காஃபில் கேட்டுக்கொள்ளுங்கோ. இந்தத் தொகை சம்பளம் அல்ல, ஆட்களின் எண்ணிக்கையால் பிரித்து வருகிற கணக்கு. அதனால் "மகன் வேலை செய்யிறான், எங்களுக்குக் கிடைக்காது" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அதே நேரம், மகனோடு ஒரே பதிவில் இருக்கும் தாய், தான் தனி என்று எழுதவும் முடியாது. அவனுடைய வருமானமும் சேரும். பொய்யான விலாசம் கொடுக்கச் சொல்லி ஆலோசனை தருபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். பிடிபட்டால் எடுத்த காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும், வழக்கும் வரலாம்.

டி.எஸ்.யு. டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். பலர் போன வருடம் செய்தோமே என்று இருந்துவிடுகிறார்கள். ஜனவரியிலேயே திரும்பச் செய்யுங்கோ. கழிவு உடனே வராது, சில மாதம் செல்லும். எவ்வளவு வரும் என்றால், 2025இல் ஒருவர் அல்லது இருவர் உள்ள வீட்டுக்கு மின்சாரக் கழிவு ஆண்டுக்கு ஏறக்குறைய 168 யூரோ. எரிவாயுக் கழிவு வலயத்தைப் பொறுத்தது, குளிர் குறைந்த வலயம் என்பதால் பலேர்மோவில் பொல்சானோ போல் வராது.

இன்னொரு ஏமாற்றம். எரிவாயுக் கழிவு குழாயில் வரும் மெத்தானோவுக்கு மட்டும்தான். பழைய நகரத்தில் நீங்கள் தோளில் தூக்கி ஏற்றுகிற பொம்போலாவுக்குக் கிடையாது. பிள்ளட் அடுப்புக்கும் கிடையாது. எனவே பொம்போலா வீட்டில் இருப்பவர்களுக்கு மின்சாரக் கழிவு ஒன்றுதான் உதவி. அந்த மின்சாரத்தைச் சூடாக்கிக்குப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 2 கிலோவாட் சூடாக்கி, நாளுக்கு 5 மணித்தியாலம் என்றால் 10 அலகு. மாதம் 300 அலகு. ஓர் அலகு 25 சதம் என்றாலும் 75 யூரோ. கழிவின் பாதி அளவு ஒரே மாதத்தில் போய்விட்டது. அதோடு சாதாரண வீட்டு ஒப்பந்தம் 3 கிலோவாட், சூடாக்கியும் தண்ணீர் கொதிகலனும் ஒன்றாகப் போட்டால் கொந்தத்தோரே விழும். முழு வீட்டையும் சூடாக்க நினைக்காமல் வயது போனவர் படுக்கும் ஒரே அறையைச் சூடாக்குங்கோ. செலவு பார்த்துக் கரிச் சட்டியை மட்டும் அறைக்குள் வைக்காதீர்கள். கதவைச் சாத்தினால் அந்தப் புகை மணக்காமலே ஆளைக் கொல்லும்.

வயதைப் பார்த்துக் கிடைக்கும் சில விசயங்களும் உண்டு. 2008இல் வந்த கார்த்தா அக்குவிஸ்தி, 65 வயதானவர்களுக்கும் 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும். மாதம் 40 யூரோ கணக்கில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 80 யூரோ ஏறும். சாமான் வாங்கலாம், தபால் கந்தோரில் லூச்சே, எரிவாயுப் பொல்லெத்தாவும் கட்டலாம். ஆரம்பத்தில் இத்தாலியருக்கு மட்டும் இருந்தது. 2014 முதல் அகதி அந்தஸ்து அல்லது சுசிதியாரியாப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் உண்டு. முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இல்லை. இதற்கு எல்லை இன்னும் இறுக்கம், 2025இல் 8,100 யூரோவுக்குச் சற்று மேல். தபால் கந்தோரில் விண்ணப்பிக்க வேணும், இது தானாக வராது.

லூச்சேப் பொல்லெத்தாவோடு தொலைக்காட்சிக்கான ராய் கட்டணமும் சேர்ந்து வரும். 75 வயதைத் தாண்டி, வருமானம் 8,000 யூரோவுக்குள் இருந்தால் விலக்குக் கேட்கலாம். வீட்டில் தொலைக்காட்சியே இல்லை என்றால் வருடா வருடம் எழுதிக் கொடுக்க வேணும், ஜனவரி 31க்கு முன் கொடுத்தால்தான் முழு வருடத்துக்கும் விலக்கு.

75 வயதானவர்களை, கழிவு பெறுபவர்களை, உடல் இயலாமை உள்ளவர்களை இங்கே "வுல்னெராபிலே" என்று வகுத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு எரிவாயுவில் 2024 ஜனவரியிலும் மின்சாரத்தில் 2024 ஜூலையிலும் முடிந்துபோன அரச விலை ஏற்பாட்டுக்கு, இவர்களுக்கு இன்னும் உரிமை உண்டு. இது தெரியாமல் கதவு தட்டி வருபவரிடம் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். சிரித்துக்கொண்டு, நல்ல உடுப்போடு, "பொல்லெத்தாவைக் காட்டுங்கள், கழிவு தருகிறேன்" என்பார். அரசாங்கக் கழிவுக்காக ஒருவரும் வீட்டுக்கு வருவதில்லை. பொல்லெத்தாவில் உள்ள பொட் இலக்கத்தையும் கொதிச்சே பிஸ்காலேயையும் கொடுத்தால் உங்களுக்குத் தெரியாமலே கம்பனி மாறிவிடலாம். தொலைபேசியிலும் அப்படித்தான், "சீ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டில் யாராவது ஒட்சிசன் இயந்திரம் போன்ற உயிர் காக்கும் கருவியில் இருந்தால் அதற்குத் தனிக் கழிவு இருக்கிறது. வருமானம் பார்ப்பதில்லை, ஆனால் விண்ணப்பிக்க வேணும், வைத்திய சான்றிதழ் வேணும். அப்படியான வீட்டின் மின்சாரத்தைக் கட்டணம் கட்டவில்லை என்று வெட்டவும் முடியாது. மற்றவர்களுக்குக் கட்டணம் பிந்தினால் கொந்தத்தோரே வசதி இருந்தால் முதலில் 15 நாளைக்கு வலுவை 15 வீதமாகக் குறைப்பார்கள், பிறகுதான் வெட்டு. மின்குமிழ் எரியும், சூடாக்கி எரியாது என்று நிலைமை வந்தால் அது பழுது அல்ல, எச்சரிக்கை. உடனே கம்பனிக்கு எடுத்துத் தவணை கேளுங்கோ. கட்டணம் பிந்தி நிறுத்தப்பட்டாலும் கழிவு உரிமை போகாது, ஒப்பந்தத்தை மூடினால்தான் போகும்.

அரேராவின் நுகர்வோர் இலக்கம் 800 166 654, கட்டணம் இல்லை. இத்தாலியன் வராவிட்டால் எங்கள் மேசைக்கு வாருங்கோ, சேர்ந்து எடுப்போம். வரும்போது கடைசிப் பொல்லெத்தாவை முழுத் தாள்களோடும் கொண்டுவாருங்கோ, முதல் தாள் மட்டும் போதாது. கொன்றாத்தோ, சொஜோர்ணோ அல்லது விண்ணப்பக் கடதாசி, வீட்டில் உள்ள எல்லோருடைய கொதிச்சே பிஸ்காலேயும் வேணும். பொல்லெத்தா வேறு ஆளின் பெயரில் இருந்தால் வெட்கப்பட வேண்டாம், அதையும் கொண்டுவாருங்கோ. அங்கிருந்துதான் வேலையைத் தொடங்குவோம்.