மலைக்கு இந்தப் பக்கம் வந்த தண்ணீர்

(கல்யாண் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நம் பெரியவர் ஒருவர் கேட்டார்: "கரண்டு எடுத்த தண்ணியில சத்து இருக்காதுன்னு ஊர்ல சொல்லுவாங்களே, அதைத்தானப்பா நாம இங்க குடிக்கிறோம்?" சிரித்துவிட்டோம். வீட்டுக்குப் போய் யோசித்தபோது, சிரித்தது தப்பு என்று பட்டது. சத்து போவதில்லை என்பது சரி. ஆனால் மின்சாரம் எடுப்பதில் தண்ணீர் குறைகிறதா, எவ்வளவு, யாருக்குக் குறைகிறது? இந்தக் கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் இன்று பேச எழுந்தோம்.

தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறது, டர்பைன் சுற்றுகிறது, தண்ணீர் வெளியே போகிறது. ஒரு சொட்டும் செலவில்லை என்று வெகுகாலம் பாடப்புத்தகத்தில் படித்தோம். அணை கட்டினால் ஏரி வரும், ஏரியிலிருந்து வெயில் தண்ணீரைக் குடிக்கும். அதைக் கணக்கெடுக்க வானிலைத் துறையிடம் இருப்பது ஒரு தட்டு. நாலடி அகலம், பத்து அங்குல ஆழம். காக்கை குருவி குடித்துவிடாமல் மேலே கம்பிவலை. தினமும் எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள். தட்டு சீக்கிரம் சூடேறும், ஏரி ஏறாது. ஆகவே பத்துக்கு ஏழு என்று குறைத்துக்கொள்வார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் ஏரியில் ஒரு மீட்டர் ஆவியானால் 100 கோடி லிட்டர் போயிற்று.

நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மெக்கோனன், ஹோக்ஸ்ட்ரா என்ற இருவர் 2012ல் உலகத்தின் 35 நீர்மின் நிலையங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டார்கள். சராசரி, யூனிட்டுக்குச் சுமார் 245 லிட்டர். ஒரு நிலையத்தில் ஒரே லிட்டர், இன்னொன்றில் 3,000 லிட்டர்! உடனே மற்ற ஆய்வாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஏரி வருமுன் அங்கிருந்த காடும் தண்ணீர் குடித்ததே, அதைக் கழிக்க வேண்டாமா என்றார்கள். அதே அணை பாசனத்துக்கும் உதவினால், எல்லாப் பழியையும் மின்சாரத்தின் தலையில் ஏற்றலாமா என்றார்கள். இரண்டும் நியாயமான வாதம்தான். எதைக் கழிப்பது, எதை யார் பங்கில் எழுதுவது என்பதிலேயே விடை மாறிவிடுகிறது. ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுகிற எங்களுக்கு இது புதிதல்ல.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். லோணாவாலாவுக்கு மேலே சஹ்யாத்ரியில் டாடா கம்பெனியின் ஏரிகள் இருக்கின்றன. கோபோலி மின்நிலையம் 1915லும், பிவ்புரி 1922லும், பீரா 1927லும் ஓடத் தொடங்கின. பம்பாய் மில்கள் அந்த மின்சாரத்தில் ஓடின. அந்த மலையில் பெய்யும் மழை இயற்கையாகக் கிழக்கே போக வேண்டியது. பீமாவில் சேர்ந்து, சோலாப்பூர்ப் பக்கம் உஜனி அணைக்குப் போய், கிருஷ்ணாவில் கலந்து வங்கக் கடலுக்குப் போகும். அதை மறித்து, மேற்கே கொங்கணத்துக்குச் சுமார் 500 மீட்டர் இறக்கத்தில் விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள்.

சேதாரம் போக, ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 860 லிட்டர் இப்படி இறங்க வேண்டும். மேட்டூரில் உயரம் குறைவு என்பதால் யூனிட்டுக்குப் பத்தாயிரம் லிட்டர் அளவில் பாயும். அப்படியானால் மேட்டூர்தான் அதிகம் விழுங்குகிறதா? இல்லை. மேட்டூர்த் தண்ணீர் அதே காவிரியில் இறங்கித் தஞ்சாவூர் வயலுக்குப் போகிறது. இங்கே இறங்கிய தண்ணீர் திரும்பி மலையேறாது. எடுத்த ஆற்றுப்படுகைக்குத் திரும்பாத நீரையும் செலவு என்றே எழுத வேண்டும் என்பது ஹோக்ஸ்ட்ரா வகுத்த விதி. மின்நிலையத்தின் வாசலில் நின்று பார்த்தால் செலவு பூஜ்யம். சோலாப்பூர் விவசாயியின் வரப்பில் நின்றால் முழுச் செலவு.

1976ல் பச்சாவத் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு இந்தத் திருப்பலுக்கு எல்லை வகுத்தது: டாடா நிலையங்களுக்கு ஐந்தாண்டில் 212 டி.எம்.சி.; கோய்னாவுக்குப் படிப்படியாகக் குறைத்து ஆண்டுக்கு 67.5. இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கு 110 டி.எம்.சி.க்குப் பக்கம். மேட்டூர் நிரம்பினாலே 93.47தான்.

2016 ஏப்ரலில் மீரஜிலிருந்து லாத்தூருக்குத் தண்ணீர் ரயில் விட்டது நினைவிருக்கும். ஒரு வாகனில் 50,000 லிட்டர். பிறகு 50 வாகன் கோர்த்து 25 லட்சம் லிட்டர். நாடே பார்த்து வியந்தது. அத்தனை தண்ணீரையும் பீராக் குழாயில் விட்டால் கிடைப்பது சுமார் 2,900 யூனிட். மாதம் 100 யூனிட் எரிக்கிற வீடு என்றால், 29 வீட்டின் ஒரு மாத மின்சாரம். நம் சாலில் அதைவிட அதிகக் குடும்பம் இருக்கிறது.

"அப்படியானால் நிறுத்திவிடலாமா?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். அவசரப்படக் கூடாது. பிவ்புரியில் இறங்கும் தண்ணீர் உல்லாஸ் ஆற்றில் சேர்கிறது. பத்லாபூர், அம்பர்நாத், உல்லாஸ்நகர், கல்யாண் என்று நம் குழாய்களுக்கு அந்த ஆறுதான் ஆதாரம். காலை நாலு மணிக்குக் குடத்தோடு நிற்கிற நம் வீட்டுப் பெண்கள் நிரப்புவதில் ஒரு பங்கு பீமாவின் தண்ணீர். நாமும் இந்தக் கணக்கில் ஒரு கட்சிதான், ஒளிக்க வேண்டாம். முள்ஷி ஏரிக்காக நிலம் பறிபோனபோது 1921ல் சேனாபதி பாபட் தலைமையில் மாவள விவசாயிகள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அணையும் வந்தது, ஊர்களும் மூழ்கின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளோடுதான் நாம் லோக்கலில் இடிபட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம்.

டாடாவின் மூன்று நிலையங்களும் சேர்ந்து 447 மெகாவாட். மும்பையின் உச்சத் தேவையோ 3,500ஐத் தாண்டிவிட்டது. சாயங்கால நெருக்கடியில் சட்டென்று கைகொடுப்பது இந்த மின்சாரம், மறுக்கவில்லை. ஆனால் வறட்சி வருஷத்தில் எந்த மாதம் எவ்வளவு மேற்கே இறங்கியது, அதில் எவ்வளவு குழாய்க்கு வந்தது, எவ்வளவு தொழிற்சாலைக்குப் போனது, எவ்வளவு சும்மா கடலுக்குப் போனது என்று இரண்டு பக்கத்து மக்களுக்கும் தெரிய வேண்டாமா?

2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மாநில நீர்வளத் துறைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். மாதவாரியாகப் பத்து வருஷக் கணக்கும், ஆவித் தட்டின் கணக்கும் கேட்டிருக்கிறோம். மராத்தியில் எழுதி, பக்கத்துக் கட்டிட மராத்தித் தோழர்களிடமும் காட்டித் திருத்தினோம். அவர்களில் இருவர் சோலாப்பூர்க்காரர்கள். முதல் இரண்டு கையெழுத்து அவர்களுடையது. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் வைத்திருக்கிறோம்.