ஆலய நூல் நிலையத்தில் எவற்றைக் கழிப்பது?



பெங்களூரில் தமிழ் வழிபாடு நிகழும் ஆலயங்கள் சிலவற்றில் சிறு நூல் நிலையங்கள் உண்டு. இரண்டு அலமாரி, ஒரு பூட்டு. திறவுகோல் எவரிடம் உள்ளதென்பது மட்டும் ஆண்டுதோறும் ஆராய்ச்சிக்குரியது! அலமாரி நிறைந்ததும் எவற்றைக் கழிப்பது என்னும் வினா எழுகின்றது.

கழித்தல் குற்றமன்று. சீர்காழியில் 1892-இல் பிறந்த நூலக அறிஞர் அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதியானதில் நூலகத்தை வளரும் உயிராகக் கண்டார். 1962-இல் இந்நகரில் ஆய்வுப் பயிற்சி நிலையமொன்றை நிறுவி, 1972-இல் இங்கேயே மறைந்தமையால் அவரை நம்மூரார் என்றே உரிமை கொண்டாடலாம். உயிருள்ளது உதிர்க்கவும் வேண்டுமன்றோ? ஒரே பதிப்பின் மிகைப்படிகள், காலங்கடந்த மருத்துவக் கையேடுகள், எங்கும் கிடைக்கும் ஆங்கிலப் பிரசங்கத் தொகுதிகள் ஆகியவற்றைத் தயங்காது விலக்கலாம்.

ஆயின், "பல்லாண்டுகளாக எவரும் எடுக்கவில்லை" என்னும் ஒரே காரணங்கொண்டு தமிழ் நூலொன்றைக் கழிப்பதற்கு நாம் உடன்படோம். நம் மக்கள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் எழுத்தறியாதார் பலர். இரவல் பதிவேட்டின் வெற்றுப் பக்கம் காட்டுவது நம் வீட்டின் குறையையே. நூலின் குறையை அன்று.

1578-இல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்களுடையது. அலமாரியில் இருந்திருப்பின் நம்மில் எவரும் துண்டுப் பிரசுரமென்று ஒதுக்கியிருப்போம். இன்று அறியப்பட்ட படி கடல் கடந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரொயென்சா அடிகளாரின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியோ வத்திக்கான் நூலகத்தில் பிழைத்திருந்தது. அதனைத் தனிநாயகம் அடிகளார் 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார்.

நம் ஆலயங்களிலும் அத்தகைய சிற்றேடுகள் உள. பொன்விழா மலர்கள், ஆண்டறிக்கைகள், பழைய கீர்த்தனைப் புத்தகங்கள் முதலியவை சில நூறு படிகளே அச்சாகியிருக்கும். பப்ரிசியுஸ் ஐயரின் பழைய வேதாகமப் படி கிட்டினால், புதிய திருப்புதல் வந்துவிட்டதென்று எறியலாகாது. முன்னுள்ள வெற்றுத் தாளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். கோலார்ச் சுரங்கத்திற்கோ தண்டுப் பகுதிக்கோ வந்த முன்னோர் பிறப்பையும் மணத்தையும் அங்கே குறித்திருத்தல் கூடும். இராமபாணம் துளைத்த ஏடாயினும் அதற்கு ஈடில்லை.

ஆகவே கழிக்கும் பட்டியலை ஒரு திங்கள் ஆலய வாயிலில் ஒட்டுக. பின்னர், 1910-இல் தோன்றி இந்நகரிலேயே ஆவணக் காப்பகம் நடத்தும் ஐக்கிய இறையியல் கல்லூரியையும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் வினவுக. அவர்களும் வேண்டாவெனின் பழைய தாள் வணிகரை அழைக்கலாம். தெரிவுக்குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்த இருவரேனும் அமர்தல் வேண்டும். அவ்விருவருள் ஒருவர் இளைஞராயிருத்தல் நலம்.