பாரி மகளிரும் கவுந்தியடிகளும்: ஏட்டிலிருந்து திரைக்கு



இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பர். திரைப்படத்தையும் அவ்வாறே கூறுவர். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. கண்ணாடி தன் எதிரே நிற்பதைக் காட்டும், அவ்வளவோடு நின்றுவிடும். கதையோ அதற்குமேலும் ஒன்றைச் செய்கிறது. எவரை மதிப்பது, எவருக்காக இரங்குவது, எவரைக் கண்டு சிரிப்பது என்பவற்றைக் கேட்போர் நெஞ்சில் அது மெல்லப் பதியவைக்கிறது. சமுதாயத்தைக் காட்டுவது அதன் ஒரு பணி. சமுதாயத்தை ஆக்குவது மற்றொரு பணி. இவ்விரண்டாவது பணியைத் தென்பெண்ணைக் கரையில் நிலைத்த ஒரு கதையைக் கொண்டே ஆராய்ந்து காணலாம்.

தைத் திங்கள் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்காகத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கொள்வதைச் சுற்றுவட்டாரத்தார் அனைவரும் அறிவர். அதே ஆற்றங்கரைப் பகுதியில், ஊருக்கு அருகே உள்ளது ஜம்பை. அங்குள்ள குன்றின் குகையில் 1981-ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பாளியை, அதாவது கற்படுக்கையோடு கூடிய உறைவிடத்தை, ஈந்த செய்தியை அது ஒரே வரியில் கூறுகிறது. அவ்வுறைவிடம் சமண முனிவர்க்கு உரியதாக இருந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. அசோகனின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு எண்ணப்படும் சத்தியபுத்திரர் எவர் என்ற நெடுநாள் ஐயத்தையும் அவ்வொரு வரி தீர்த்துவைத்தது. கோவலூரை அதியமான் வென்றதைப் பரணர் பாடினார் என்று அவ்வையார் குறிப்பிடும் பாடல் புறநானூற்றில் 99-ஆவதாக உள்ளது. ஏடு சொன்ன அரசன் வெறும் கற்பனையல்லன் என்பதற்குக் கல் சான்றாயிற்று.

அதியமானைப் பாடிய அவ்வையாரின் பெயரோடு பிற்காலத்தில் பிணைக்கப்பட்டதே பாரி மகளிரின் கதை. அதன் மிகப் பழைய வடிவமும் புறநானூற்றிலேயே கிடைக்கிறது. மூவேந்தர் முற்றுகையிட்டதில் பறம்பு மலை வீழ்ந்தது, பாரி மாண்டான். தந்தையையும் மலையையும் இழந்த மகளிர் பாடியதாக ஐந்தே அடிகளில் அமைந்த பாடல் 112-ஆவது பாட்டாகும். அதில் பகைவர்மேல் வசையில்லை. பழிவாங்கும் சூளுரையும் இல்லை. சென்ற திங்களின் நிலவையும் அந்தத் திங்களின் நிலவையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துயரம் மட்டுமே உண்டு. ஒருகாலத்தில் தந்தையின் மலைமீது நின்று பகையரசரின் குதிரைகளை எண்ணிய அப்பெண்கள், இப்போது எளிய குடிலின் குப்பைமேட்டில் ஏறி உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகின்றனர் என்று கபிலர் 116-ஆம் பாட்டில் மனம் நைகிறார். அவர்களுக்கு மணமுடிக்க வேண்டி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர் சென்றதை 200 முதல் 202 வரையுள்ள பாடல்கள் காட்டுகின்றன. வேண்டுகோள் நிறைவேறவில்லை. இறுதியில் மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்று 236-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின் அதே கதை திருக்கோவலூரில் கல்லில் எழுந்தது. கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, பாரியின் அடைக்கலப் பெண்ணைக் கபிலர் மலையர் குலத்துக்கு அளித்துவிட்டு, பெண்ணையாற்றுப் பாறையொன்றில் தீப்புகுந்தார் என்று சொல்கிறது. ஆற்றின் நடுவே உள்ள கபிலர் குன்றை இன்றும் ஊரார் காட்டுவர். பிற்கால வழக்கிலோ கபிலரின் இடத்தை அவ்வையார் பெற்றார். பாரி மகளிர்க்கு அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் அமைந்தன. அவர்களைத் திருக்கோவலூர் மன்னன் தெய்வீகனுக்கு அவ்வையார் மணமுடித்ததாகக் கதை வளர்ந்தது. அப்பெயர்கள் புறநானூற்றில் இல்லை. மக்களின் அன்பு சூட்டிய பெயர்கள் அவை.

மூன்று வடிவங்களையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை விளங்கும். உண்ணாது வடக்கிருந்து உயிர்நீத்தல் ஒரு காலத்தின் உயர்ந்த அறம். தீப்புகுதல் மற்றொரு காலத்தின் அறம். ஆதரவற்ற பெண்களுக்குத் தாயைப்போல ஒரு மூதாட்டி துணைநிற்க வேண்டும் என்பது அடுத்து வந்த காலத்தின் ஏக்கம். ஒவ்வொரு தலைமுறையும் தன் நெஞ்சத்தைக் கதையில் பெய்தது. ஆயினும் ஒன்று மாறவில்லை. இப்பெண்கள் எந்த வடிவத்திலும் இரக்கத்துக்கும் மதிப்புக்கும் உரியவராகவே நின்றனர். அவர்களைக் காப்பது சான்றோர் கடமை என்பதே அக்கதை ஈராயிரம் ஆண்டுகள் கற்பித்த பாடம்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பாடத்தைத் திரை ஏற்றுக்கொண்டது. ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ‘ஔவையார்’ 1953-ஆம் ஆண்டு வெளிவந்தது. வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்த அவ்வையார் பலரை ஒருவராக்கியே அப்படம் கதை சொன்னது. வரலாற்று நோக்கில் அது பிழையே. எனினும் பாரியும் அவன் மகளிரும் அப்படத்தில் பெருமையோடு இடம்பெற்றனர். எழுத்தறியாத எளிய மக்களும் கொட்டகையில் அமர்ந்து பாரி மகளிருக்காக வருந்தினர். ஏட்டில் படித்தோர் சிலர்க்கே உரியதாக இருந்த கதை ஊர்ப்பொதுவாயிற்று.

அவ்வையாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-ஆம் ஆண்டு மறைந்தபின் வெண்ணிற உடையும் நோன்பும் தாங்கி வாழ்ந்த அவரை, மக்கள் நடிகையாக மட்டும் பார்க்கவில்லை, தவமூதாட்டியாகவே போற்றினர். அவரே பதினோராண்டு கழித்து, 1964-இல் வெளிவந்த ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளாகத் தோன்றினார். அதன் திரைக்கதை, உரையாடலை மு. கருணாநிதி எழுத, ப. நீலகண்டன் இயக்கினார். அதற்குமுன் 1942-இல் பி. கண்ணாம்பா நடித்து, இளங்கோவன் உரையாடல் எழுதிய ‘கண்ணகி’ வந்திருந்தது. ஆயினும் சமணத் துறவியாகிய கவுந்தியடிகளின் உருவம் பொதுமக்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்தது சுந்தராம்பாளின் குரலாலும் தோற்றத்தாலும் என்றால் மிகையாகாது. அவ்வைக்குக் கிடைத்த மதிப்பு கவுந்திக்கும் கிடைத்தது. சமண சமயத்தை அறியாதோரும் அத்துறவியின் திருவுருவைக் கைகூப்பி வணங்கினர். திரை ஒரு சமுதாயத்துக்குச் செய்யக்கூடிய நன்மைக்கு இது சான்று.

கவுந்தியடிகளைச் சிலப்பதிகாரம் எவ்வாறு தீட்டியது என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்படும்போது வழியின் இடர்களை அவர் கோவலனுக்கு எடுத்துரைக்கிறார். கிழங்கு அகழ்ந்த குழிகளில் கால் இடறும் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. வயல் வழியே நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கக்கூடும், அத்துன்பம் தாங்க இயலாதது என்கிறார். நடப்பவரின் பாதத்துக்கு வரும் நோவைப் போலவே, பாதம் பிற உயிர்க்குச் செய்யும் நோவையும் எண்ணுவதே அறம் என்று அக்காட்சி கற்பிக்கிறது.

அவ்வழியிலேயே மற்றொரு நிகழ்ச்சி நேர்கிறது. வீண்பேச்சுக்காரன் ஒருவனும் அவனோடு வந்த பரத்தை ஒருத்தியும் கண்ணகியையும் கோவலனையும் கண்டு, இவர்கள் யார் என்று கேட்கின்றனர். என் மக்கள் என்கிறார் அடிகள். உடன்பிறந்தோர் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று அவர்கள் எள்ளி நகைக்கின்றனர். கண்ணகி செவிகளைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். அவர்கள் நரிகள் ஆகுமாறு அடிகள் சபிக்கிறார். நண்டுக்கும் நத்தைக்கும் இரங்கிய அதே உள்ளம் ஏளனச் சிரிப்பைப் பொறுக்கவில்லை. காலால் உயிரை நசுக்குவது போன்றே சொல்லால் ஒருவரை நசுக்குவதும் கொடுமை என்னும் கருத்தைக் காப்பியம் இவ்விரு காட்சிகளையும் ஒரே பயணத்தில் வைத்துப் புலப்படுத்துகிறது.

இப்பின்னணியில் 2007-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிவாஜி’ திரைப்படத்தைக் கருதலாம். நாடெங்கும் பெருந்திரளான மக்கள் கண்டு மகிழ்ந்த படம் அது. அதில் நகைச்சுவைக்காக இரு பெண்கள் காட்டப்படுகின்றனர். அவர்கள் பெயர் அங்கவை, சங்கவை. அவர்களின் கருநிறமே சிரிப்புக்குப் பொருளாக்கப்பட்டது. தமிழார்வலரிடையே கண்டனம் எழுந்தது; ஆயினும் கொட்டகைகளில் சிரிப்பு அடங்கவில்லை.

இதை எளிய கேளிக்கை என்று ஒதுக்குவோர் உளர். அவர் கூற்றிலும் ஒரு நியாயம் உண்டு. நகைச்சுவை இன்றி வாழ்வில்லை. மெய்ப்பாடு எட்டனுள் நகையையே தொல்காப்பியம் முதலில் வைத்தது. ஆனால் எவரைக் குறித்த நகை என்பதே வினா. ஈராயிரம் ஆண்டுகள் தமிழர் இரங்கிய இரு பெயர்கள் சில நிமிடங்களில் கேலிச்சொற்கள் ஆயின. அப்படத்துக்குப்பின் ஒரு பள்ளியில் அங்கவை என்ற பெயருடைய சிறுமி வருகைப் பதிவின்போது எழுந்து நின்றால், வகுப்பில் எழும் சிரிப்பு எத்தகையது? கருநிறம் கொண்ட பெண் கண்ணாடிமுன் நிற்கும்போது அவள் செவியில் ஒலிப்பது எவருடைய சிரிப்பு? சமுதாயத்தில் முன்பே இருந்த நிறவெறுப்பைத் திரை பிரதிபலித்தது என்பது உண்மை. அவ்வெறுப்புக்கு அது ஒரு பெயரையும், கூச்சமின்றிச் சிரிக்கும் உரிமையையும் வழங்கியது என்பதும் உண்மை. பிரதிபலித்தலும் உருவாக்குதலும் ஒரே காட்சியில் கலந்து நின்றன.

இதற்கு மருந்து படங்களைத் தடுப்பதன்று, மூலத்தை அறிந்திருப்பதே. கண்டனம் எழுப்பியோர் எதனால் எழுப்பினர்? பாரி மகளிர் எவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிரித்தோருள் பலர் கொடியவர் அல்லர். அக்கதை அவர்களுக்கு எட்டவில்லை, அவ்வளவே.

மூலத்தைக் காத்த வரலாற்றில் தமிழ்ச் சமணர்க்குச் சிறந்த பங்கு உண்டு. சேலம் இராமசாமி முதலியார் 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, உ. வே. சாமிநாதையருக்கு அந்நூல் புதிது. ஏட்டுச்சுவடி கிடைத்தபின்னும் பல இடங்களில் பொருள் விளங்கவில்லை. அந்நகரில் வாழ்ந்த சமணக் குடும்பங்களில் சிந்தாமணியை வாசித்துப் பொருள் கேட்கும் வழக்கம் இருந்தது. வாசிப்பு நிறைவுறும் நாளை அவர்கள் விழாவாகவே கொண்டாடினர். அவர்களை அணுகி ஐயங்களைத் தீர்த்துக்கொண்ட பின்னரே 1887-இல் ஐயர் அந்நூலைப் பதிப்பித்தார். தொடர்ந்து 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பெரும்புலவர்க்கு விளங்காத இடங்களை இல்லறத்தார் விளக்கினர் எனில், அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் நூல் உயிரோடு இருந்தது என்பதே பொருள். பரம்பரையாகக் கேட்ட செவிகளே அந்நூலுக்குக் காவலாக இருந்தன.

அத்தகைய வாசிப்பு இன்று எத்தனை இல்லங்களில் உண்டு? கவுந்தியடிகளைப் படத்தில் கண்டு வணங்கிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. அடுத்த தலைமுறை அவரை எங்கே காணும்? நாளை ஒரு திரைப்படம் கவுந்தியடிகளையே நகைப்பொருளாக்கினால், இது தவறு என்று சொல்ல ஊரில் எத்தனை பேர் இருப்பர்? சினமுறுவது எளிது, நூலை அறிந்து, இன்ன காதையில் இவர் இவ்வாறு உரைத்தார் என்று அமைதியாக எடுத்துக்காட்டுவது அரிது. அந்த அரிய வலிமை திண்ணையில் கேட்ட கதையிலிருந்து மட்டுமே பிறக்கும்.

செய்யத்தக்கது பெரிதன்று. விழாக்காலத்தில் குடும்பத்தார் கூடும் ஒரு மாலையில் நாடுகாண் காதையை ஒருவர் வாசிக்க, முதியோர் பொருள் சொல்ல, சிறார் கேட்கலாம். அவர்களை ஜம்பைக் குன்றுக்கும் கபிலர் குன்றுக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லலாம். கையெட்டும் தொலைவில் கல்லும் ஆறும் சான்றாக நிற்கும் பேறு எல்லா ஊர்க்கும் வாய்ப்பதில்லை. அவ்வாறு வளர்ந்த பிள்ளைகள் படம் பார்ப்பதை விடமாட்டார்கள், விடவும் வேண்டியதில்லை. சிரிக்கும் முன் எவரைக் கண்டு சிரிக்கிறோம் என்று ஒரு கணம் தயங்குவார்கள். அவர்களுள் ஒருவர் பின்னாளில் பாரி மகளிரின் கதையைப் புதிதாகத் திரையில் வரையவும் கூடும்.

நரிகளான அவ்விருவரின் கதை சாபத்தோடு முடியவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அறியாமையால் பேசினர், பொறுத்தருள வேண்டும் என்று ஏளனத்துக்கு ஆளான கண்ணகியும் கோவலனுமே அடிகளை வேண்டினர். உறையூர் மதிலின் புறத்தே பன்னிரண்டு திங்கள் உழன்றபின் பழைய உருவம் பெறுக என்று அவர் சாபத்துக்கு எல்லை வகுத்தார். ஏளனம் செய்தவரும் திருந்தி மீண்டும் மனிதராகலாம் என்பதே சமணத் துறவியின் வாயிலாகக் காப்பியம் தமிழர்க்கு விட்டுச்சென்ற நம்பிக்கை.