அமானிதம் பேணிய ஒரு வாழ்க்கை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

இவ்வாண்டு நம் மஹல்லாவில் வஃபாத்தானவர்களுக்காகச் சற்றுமுன் துஆ செய்தோம். அவர்களுள் ஒருவரைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைப் பணித்துள்ளார்கள். சிறியோரும் பெரியோரும் 'நேவி பாய்' என்றே அழைத்த பெரியவர் அவர். தம்மைப் பற்றி எவரேனும் பேசினாலும் எழுதினாலும் தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று மக்களிடம் அவர் கூறிச் சென்றிருக்கிறார். அவ்விருப்பத்தை மதித்து நாமும் பெயரைத் தவிர்க்கிறோம். அவரைப் புகழ்வது நம் நோக்கமன்று. அவர் நம்மிடம் விட்டுச் சென்றுள்ள ஒரு பொறுப்பை உங்கள்முன் வைப்பதே நோக்கம்.

1966இல், பதினாறு வயதில், அவர் இந்தியக் கடற்படையில் சிறுவர் பிரிவில் சேர்ந்தார். விசாகப்பட்டினத்தில் அடிப்படைப் பயிற்சியும், லோனாவ்லாவிலுள்ள 'ஐ.என்.எஸ். சிவாஜி' நிலையத்தில் இயந்திரப் பயிற்சியும் பெற்று, 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலின் கொதிகலன் அறையில் பணியமர்த்தப்பட்டார். விக்ராந்த் என்றால் மேல்தளத்திலிருந்து சீறிப் பறக்கும் விமானங்களே நம் கண்முன் வரும். அவ்விமானங்களை உந்தி எறியும் கருவிக்கும், கப்பலைச் செலுத்தும் சுழலிகளுக்கும் வேண்டிய நீராவி, கடல்மட்டத்திற்குக் கீழேயிருந்த அறையில் உற்பத்தியாயிற்று. அங்கே நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை ஆள் மாறுவார்கள். அந்த நான்கு மணி நேரமும் அழுத்தமானியிலிருந்து கண்ணை எடுக்கலாகாது.

1971ஆம் ஆண்டுப் போரின்போது அக்கப்பலின் நான்கு கொதிகலன்களுள் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு மற்ற மூன்றைக் கொண்டே அது போருக்குச் சென்றது. டிசம்பர் 4ஆம் நாள் அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. இதனை நாட்டு மக்கள் செய்தித்தாள்களில் படித்தார்கள். கொதிகலன் அறையிலிருந்தோர் விமானத்தையும் காணவில்லை, கடலையும் காணவில்லை. "ஹஜ்ரத், நாங்கள் போரைப் பார்த்ததே இல்லை. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்" என்று அவர் நம்மிடம் ஒருமுறை கூறினார்.

அதே போரில், டிசம்பர் 9ஆம் நாள் இரவு, தியூ கடற்பகுதியில் 'குக்ரி' என்னும் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதில் உயிர்நீத்தனர். நம் பெரியவருடன் பயிற்சியில் இருந்த தோழர் ஒருவரும் அவர்களுள் அடக்கம். உடல்கூடக் கிடைக்காத நிலையில், அத்தோழரின் வயது முதிர்ந்த தாயாருக்குச் சேர வேண்டியவை தடங்கலின்றிப் போய்ச் சேர்ந்தன. காரணம், ஒவ்வொரு மாலுமிக்கும் நெருங்கிய உறவினர் யார், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது கடற்படைப் பதிவேட்டில் முன்னரே எழுதப்பட்டிருந்தது. ஓர் ஏட்டில் ஒழுங்காக எழுதிய ஒரு வரி ஒரு தாயைக் காப்பாற்றும் என்பதை இருபத்தொரு வயதில் கண்டதாக அவர் சொல்வார்.

பதினைந்து ஆண்டுப் பணியை முடித்து 1981இல் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தனர். மாலுமியின் ஓய்வூதியம் குடும்பத்தை நடத்தப் போதவில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முகவரானார். 245 காப்பீட்டு நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டு, 1956 செப்டம்பர் 1ஆம் நாள் உருவானது அக்கழகம். அக்காலத்தில் ஆயுள் காப்பீடு என்றாலே அது ஒன்றுதான். சைக்கிளில் தோல்பை தொங்க, கடைத்தெரு முதல் மீனவர் குப்பம் வரை அவர் சுற்றி வந்ததை நம்மில் மூத்தோர் அறிவர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் பேசுவது நம் கடமை. வணிகக் காப்பீட்டில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருப்பதால் அதனை ஆகாது என்று கூறும் ஆலிம்களே மிகுதி. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் அவ்வாறே முடிவு செய்து, பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீட்டையே மாற்றாகக் காட்டியது. நெருக்கடியை முன்னிட்டுச் சலுகை கூறியோரும் உளர். அந்த மஸ்அலாவை இம்மேடையில் தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால் நேவி பாயின் உள்ளத்தை அது உறுத்திக்கொண்டே இருந்தது. நமக்கு முன் இங்கு இமாமாக இருந்த பெரியவரிடமும் பின்னர் நம்மிடமும் பலமுறை கேட்டிருக்கிறார். பிள்ளைகள் தலையெடுத்ததும், 2004இல் புதிய பாலிசி சேர்ப்பதை அறவே நிறுத்திவிட்டார்.

தொழிலை விட்டவர், மனிதர்களை விடவில்லை. இதுவே நாம் உங்கள்முன் வைக்க விரும்பும் செய்தி. அவர் தொழில் செய்த நாட்களில், நீண்ட காலப் பாலிசியின் முதலாண்டுப் பிரீமியத்தில் ஏறக்குறைய கால்பங்கு வரை முகவருக்குத் தரகாகக் கிடைக்கும். நான்காம் ஆண்டு முதல் அது நூற்றுக்கு 5 என்ற அளவிற்குக் குறைந்துவிடும். பாலிசிதாரர் இறந்தபின் அவர் வீட்டாருக்காக அலுவலகப் படி ஏறுவதற்கோ ஒரு காசும் இல்லை. ஆகவே முகவர் பலர் புதியவர்களைத் தேடி ஓடுவர், பழையவர்களை மறப்பர். இவர் 2004க்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தது, காசில்லாத அந்த ஒரு வேலையை மட்டுமே.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் வளைகுடா நாடொன்றில் திடீரென இறந்தார். திருமணத்திற்கு முன் எடுத்த பாலிசியில் தம் தாயாரை நாமினியாக எழுதியிருந்தார். தாயார் அவருக்கு முன்பே இறந்துவிட்டார். மனைவியின் பெயரை மாற்றி எழுத அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. கைக்குழந்தையுடன் நின்ற அப்பெண்மணி, நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று பெற்றுப் பணத்தைக் கண்ணால் காண இரண்டு ஆண்டுகளாயின. அவ்விரண்டு ஆண்டுகளும் நேவி பாய் தம் கைக்காசைச் செலவிட்டு அலைந்தார். ஒரு தாளில் ஒரு பெயரை மாற்றி எழுதியிருந்தால் அத்துயரத்தில் பெரும்பகுதி நேர்ந்திராது.

நாமினி என்றால் பணத்தின் சொந்தக்காரர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, அது வாரிசுகளுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெற்றோர், வாழ்க்கைத் துணை, மக்கள் ஆகியோர் நாமினியாக இருந்தால் காப்பீட்டுச் சட்டம் அவர்களையே பயன்பெறுவோராகக் கொள்கிறது. சட்டம் எவ்வாறு மாறினும், அல்லாஹ் வகுத்த மீராஸ் பங்குகள் நமக்கு மாறுவதில்லை. கையில் வந்த பணம் உரியவர்களைச் சேரும் வரை அது அமானிதம். நேவி பாய் காசோலையைக் கொடுக்கும்போதே, "ஹஜ்ரத்திடம் போய்ப் பங்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புவார். அவ்வாறு நம்மிடம் வந்தவர்கள் இச்சபையிலும் இருக்கிறீர்கள்.

காப்பீடே வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கும் சகோதரர்கள் இவ்வுரை தமக்கன்று என எண்ண வேண்டாம். வங்கிக் கணக்கு, வருங்கால வைப்புநிதி, வீட்டுப் பத்திரம், கடையில் போட்ட கூட்டுமுதல், கொடுத்த கடன், வாங்கிய கடன் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். அருள்மறையின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதைச் சிந்தியுங்கள். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் பதிய இயலாது. ஜனாஸாவை விரைந்து அடக்கும் நாம், இப்பதிவைத் துக்கத்தில் தள்ளிப்போட்டுப் பின்னர் அல்லற்படுகிறோம்.

இறுதியாக, அந்தப் பொறுப்பு. நேவி பாயின் வஃபாத்திற்குப் பின் அவருடைய மகனார் நீல அட்டையிட்ட ஒரு குறிப்பேட்டை நம்மிடம் ஒப்படைத்தார். கப்பலில் எழுதியது போலவே நாள், நேரம், செய்த வேலை, அடுத்தவருக்கு விட்ட வேலை என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கங்களில் 31 குடும்பங்களின் பெயர்கள் உள்ளன. நாமினி மாற்றப்படாதவை, பத்திரம் தொலைந்தவை, முதிர்வு கண்டும் கேட்கப்படாதவை என்று எதிரே குறிப்பு இருக்கிறது. கேட்பாரின்றிப் பத்து ஆண்டுகள் கிடக்கும் காப்பீட்டுப் பணம் மூத்த குடிமக்கள் நலநிதிக்கு மாற்றப்பட்டுவிடும் என்பதையும் சிவப்பு மையில் எழுதி வைத்துள்ளார்.

அவருடைய காவல் நேரம் முடிந்தது. அடுத்து நிற்பவர் யார்? நிர்வாகத்தினரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே: கல்லூரியில் பயிலும் இளைஞர் இருவரும் எழுத்து வேலையறிந்த பெரியவர் ஒருவரும், வெள்ளிதோறும் ஜுமுஆவிற்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளியின் அலுவலகத்தில் அமரட்டும். அந்த 31 பெயர்களிலிருந்து தொடங்கட்டும். பெண்களின் விவரங்களைக் கேட்டெழுதச் சகோதரியர் இருவரும் முன்வரட்டும். சபையோர் ஒவ்வொருவரும் இன்றிரவு வீடு சென்றதும், தம் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பதை மனைவி மக்களுக்குக் காட்டிவிட்டு உறங்குங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் மர்ஹூம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்று, மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! அவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் நற்பேற்றை நமக்கு அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.