தெருவிற் பாடும் உரிமை

பேச்சுச் சுதந்திரம் என்றவுடன் மேடையும் பத்திரிகையுமே பெரும்பாலார் நினைவுக்கு வருகின்றன. பொது இடத்தில் நின்று குறையைப் பாட்டாகப் பாடுகிறவனுக்கும் அந்தச் சுதந்திரம் உண்டா, அன்றி அவன் பாட்டு வெறும் சந்தடி என்று தள்ளப்படத் தக்கதா? ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் யாப்பில் 1791ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட முதலாம் திருத்தம் பேச்சையும், அச்சையும், மக்கள் அமைதியாகக் கூடுவதையும், அரசாங்கத்திடம் முறையிடுவதையும் காக்கின்றது. சங்கீதத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லேனும் இல்லை. ஆகவே அந்நாட்டுப் பாடகர்கள் தமது உரிமையைத் தெருவிலும் நீதிமன்றத்திலும் நிலைநாட்ட வேண்டியவர்களாயினர்.

வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரம் வெட்டுவோரும் அறுவடைக் கூலிகளும் வேலை தேடித் திரண்டனர். தரகர்கள் பணம் பெற்றுக்கொண்டு இல்லாத வேலைக்கு அவர்களை அனுப்பிவைத்தனர். இக்கொடுமையை எடுத்துரைக்கத் தொழிற்சங்கத்தார் தெருமுனையில் நின்றபோது, பக்கத்தில் இரட்சணிய சேனையின் வாத்தியக் குழு முழங்கிற்று. பேச்சு எவர் காதிலும் விழவில்லை. சங்கத்தார் ஓர் உபாயம் கண்டனர். சேனையார் வாசித்த ஞானப்பாட்டு மெட்டுக்களிலேயே தமது குறைகளைப் பாட்டாகக் கட்டிப் பாடினர். எதிர்த்து முழங்கிய வாத்தியமே பக்கவாத்தியமாயிற்று! அப்பாட்டுக்கள் 1909இல் சிறு புத்தகமாகவும் வெளிவந்தன. நகரசபையோ தெருப் பேச்சைத் தடைசெய்து, பின்னர் சேனையார் போன்ற சமய அமைப்புகளுக்கு விலக்களித்தது. பக்திப் பாட்டுக்கு ஒரு நீதி, கூலிக்காரன் குரலுக்கு வேறொரு நீதி. அவ்வாண்டு நவம்பர் தொடக்கம் நூற்றுக்கணக்கானோர் வலிந்து சிறை சென்றனர். சிறைச்சாலை போதாமல் பாடசாலைக் கட்டடமொன்றும் சிறையாக்கப்பட்டது. 1910 மார்ச்சில் நகரசபை இணங்கி வந்தது.

இவ்வரலாற்றில் நீதிமன்றத்தின் பங்கு சிறிது. தென் கரோலினா மாநிலத்தின் தலைநகராகிய கொலம்பியாவில் 1961 மார்ச் 2ஆந் திகதி நடந்த நிகழ்ச்சியோ நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அன்று கறுப்பின மாணவர் 187 பேர், உயர்தரப் பாடசாலையிலும் கல்லூரியிலும் பயில்பவர்கள், சீயோன் பப்திஸ்து ஆலயத்திற் கூடினர். அங்கிருந்து பதினைந்து பேர் வரை கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து மாநில சட்டசபை வளவுக்கு நடந்து சென்றனர். நிறபேதச் சட்டங்கள் தங்களுக்கு ஒவ்வாதவை என்பதைச் சட்டம் இயற்றுவோருக்கு உணர்த்துவதே அவர்களின் நோக்கம். கையில் அட்டைகள் இருந்தன. ஆயுதம் எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்க இருநூறு முந்நூறு பேர் கூடினர். முப்பதுக்கு மேற்பட்ட பொலிஸாரும் நின்றனர்.

முதலில் எவரும் தடுக்கவில்லை. அரை மணிக்கு மேற் சென்றபின், பதினைந்து நிமிடத்துள் கலைந்து செல்லாவிடிற் கைது என்னும் கட்டளை பிறந்தது. மாணவர் கலையவில்லை. அவர்களுள் ஒருவர் சமய உணர்ச்சி ததும்பப் பேசினார். பிறகு எல்லாரும் பாடத் தொடங்கினர். என்ன பாடினர் என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். அரசைக் கவிழ்க்கும் பாட்டன்று. அந்நாட்டின் தேசிய கீதம்! அதனோடு தேசபக்திப் பாட்டுக்களும் பக்திப் பாட்டுக்களும். கைகளைத் தட்டினர்; கால்களால் தாளமிட்டனர். நகர நிருவாகி பிற்பாடு சாட்சியம் கூறுகையில், அவர்களின் நடத்தை ஆரவாரமும் பெருஞ்சத்தமும் பகட்டும் உடையதாயிருந்தது என்றார். தேசிய கீதத்தை உரத்துப் பாடும்படி வகுப்புத்தோறும் பிள்ளைகளை ஏவும் ஆசிரியர் உலகம் இதனைக் கேட்டு வியப்படையாமல் இருக்கமுடியாது.

பதினைந்து நிமிடம் கழிந்ததும் அனைவரும் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அமைதிக்குப் பங்கம் விளைத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. பத்து டொலர் தண்டம் அல்லது ஐந்து நாட் சிறை முதல், நூறு டொலர் அல்லது முப்பது நாட் சிறை வரை தண்டனை விதிக்கப்பட்டது. மாநிலத்தின் தலைமை நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

ஆயின், அமைதியைக் குலைத்தவர் யார்? கூட்டத்திற் குழப்பம் செய்யக்கூடியவர்கள் சிலரைக் கண்டதாகப் பொலிஸார் கூறினர். அவர்களும் ஒரு சொல்லாலோ செயலாலோ மிரட்டியதாகச் சாட்சியம் இல்லை. பாட்டைக் கேட்டு எவனாவது கோபங்கொள்ளக்கூடும் என்னும் அச்சத்தினாற் பாடியவனைப் பிடித்தடைப்பது விந்தையான நியாயம். அந்த நியாயம் நிலைத்தால், கூட்டத்தில் நிற்கும் முரடன் ஒருவன் முகத்தைச் சுளித்தே நாட்டிலுள்ள பாட்டையெல்லாம் நிறுத்திவிடலாம்.

1963 பெப்ரவரி 25இல் உயர் நீதிமன்றம் தண்டனைகளை இரத்துச் செய்தது. நீதியரசர் ஒன்பதின்மருள் எண்மர் ஒருமுகமாயினர். தீர்ப்பை எழுதிய பொற்றர் ஸ்ரூவட், மாணவர் செய்தது அடிப்படை உரிமைகளை அவற்றின் தூய வடிவிற் பயன்படுத்தியதேயாம் எனக் கொண்டார். பலருக்குப் பிடிக்காத கருத்து என்பதற்காக அதன் அமைதியான வெளியீட்டைக் குற்றமாக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்பது முடிவு. மாறுபட்ட ஒருவராகிய ரொம் கிளார்க், அவ்விடத்தின் பதற்ற நிலையை நேரிற் கண்ட அதிகாரிகளின் கணிப்பை மதிக்கவேண்டும் என்றார். அக்கருத்தை அற்பமெனத் தள்ளுதல் தகாது. கலவரம் மூண்டாற் பழி சுமப்பவர்கள் அவர்களே. எனினும் மூளாத கலவரத்துக்கு மாணவரைத் தண்டித்தது முறையன்று.

பாட்டுரிமைக்கு எல்லையே இல்லையோ எனின், உண்டு. நியூ யோர்க் மத்திய பூங்காவில் நிறவெறியை எதிர்த்து ஆண்டுதோறும் நடந்த இசை நிகழ்ச்சியின் இரைச்சல் அயலவருக்குத் தொல்லையாயிற்று. நகராட்சியின் ஒலிபெருக்கியையும் அதன் தொழில்நுட்பவியலாளரையுமே பயன்படுத்த வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. 1989இல் உயர் நீதிமன்றம் சங்கீதமும் காக்கப்படும் பேச்சே என்று தெளிவாகக் கூறியது; எனினும், பாட்டின் பொருளைத் தொடாது சத்தத்தை மட்டும் அளவுபடுத்தும் விதி செல்லும் என ஆறுக்கு மூன்று என்னும் கணக்கில் தீர்த்தது. உடன்படாத மூவருக்காக எழுதியவர் தேர்குட் மார்ஷல். கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளை நெடுங்காலம் வாதாடியவர். ஒலிக்கருவியின் திருகை அரசாங்கத்தின் கையிற் கொடுப்பது, பாடுமுன்னரே பாடகனின் வாயிற் கை வைப்பதற்கு ஒப்பாகும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.