ஒரு குடும்பம், இரண்டு அடுப்பு



ஆண்டுதோறும் மே மாதம் 15-ஆம் நாளை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசக் குடும்ப தினமாகக் கொண்டாடி வருகிறது. 1994-ஆம் ஆண்டு முழுவதையுமே அச்சபை குடும்பத்துக்கென ஒதுக்கிற்று. குடும்பம் என்பது நான்கு சுவர்களுக்குள் அடங்கிய விஷயமாயிற்றே, அதில் அயல் நாட்டாருக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். பெண்களுக்கு எந்த வயதில் மணமாகிறது, குழந்தைகள் எத்தனை பிறக்கின்றன, முதியோரைப் பேணுவது யார் என்னும் கேள்விகளுக்கு ஒரு நாடு கண்ட விடையை மற்றொரு நாட்டின் விடையோடு ஒப்பு நோக்கும்போதுதான் இரண்டின் பொருளும் விளங்குகிறது. அரசாங்கங்கள் சட்டம் செய்யவும் பணம் ஒதுக்கவும் இந்த விடைகள் பயன்படுகின்றன.

ஒப்பு நோக்க வேண்டுமானால் எல்லா நாட்டாரும் ஒன்றையே எண்ண வேண்டும். தொல்லை தொடங்குவது இங்கேதான். குடும்பத்தை எண்ணுவது கடினம். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் குடித்தனத்தை எண்ணுகிறார்கள். உணவுக்கும் இதர அவசியங்களுக்கும் கூட்டாக ஏற்பாடு செய்துகொண்டு வாழ்வோர் ஒரு குடித்தனம் என்பது ஐக்கிய நாடுகள் சபை வகுத்துள்ள இலக்கணம். நமது மக்கள் தொகைக் கணக்கு இதை இன்னும் நெருக்கிப் பிடித்து, பொதுவான ஒரே சமையலறையில் உண்போர் என்கிறது.

மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட எனக்கு இவ்விரு சொற்களோடும் நெடுநாள் பழக்கம். ஆங்கிலப் படிவத்தில் வெவ்வேறாக நிற்கும் இரண்டையும் 'குடும்பம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? மகன் தனிக்குடித்தனம் போனான் என்கிறோமே அன்றி, தனிக்குடும்பம் போனான் என்று எவரும் சொல்வதில்லை. அடுப்பு இரண்டாயிற்று, குடும்பம் ஒன்றே என்பது அந்தப் பேச்சுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருடைய நிலையும் அதுவே. மகன் டில்லியில் உத்தியோகம் பார்க்கிறான். பெற்றோர் தஞ்சையில் இருக்கிறார்கள். கணக்கெடுப்பவரின் ஏட்டில் அவர்கள் தனித்து வாழும் முதியோர் இருவர். அவர்களுடைய மருந்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, கண்ணுக்குச் சிகிச்சை எப்போது செய்துகொள்வது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பன அந்த ஏட்டில் ஏறுவதில்லை.

ஏட்டில் ஏறாதது ஆராய்ச்சியின் முடிவையே தடுமாற வைத்த சந்தர்ப்பம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 1950-களில், பஞ்சாபில் லூதியானா மாவட்டத்துக் கன்னாவை அடுத்த சில கிராமங்களில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தாரும் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் கூடி ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். வீடுவீடாகச் சென்று பிறப்பையும் இறப்பையும் குறித்துக்கொண்டார்கள். கருத்தடை வில்லைகளையும் வழங்கினார்கள். கிராமத்தார் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பிறப்பு விகிதம் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. சிறிது இறங்கியதற்கும் பெண்களின் திருமண வயது உயர்ந்ததே பெருங்காரணமாயிற்று.

பின்னர் அங்கே சென்ற மகமூது மம்தானி என்னும் அறிஞர் 1972-இல் ஒரு நூல் வெளியிட்டார். தொலைதூரத்திலிருந்து வந்த நல்ல மனிதர்கள் மனம் வருந்தலாகாதே என்று வில்லைகளை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் பலர் என்று அவர் கண்டார். ஆராய்ச்சியாளர் கணக்கிட்டது அடுப்பைச் சுற்றி இருந்த வாய்களை. குடியானவன் கணக்கிட்டது கைகளை. வயலில் வேலை செய்யும் கைகளோடு, ஊர் கடந்து சென்று பொருள் ஈட்டும் கைகளையும் அவன் சேர்த்துக்கொண்டான். அவன் கணக்கில் பிள்ளைகள் பாரமல்ல, முதுமைக்கு ஆதாரம்.

மம்தானி கூறியதே முடிந்த முடிவு என்று நான் சொல்லமாட்டேன். பஞ்சாபில் காலம் மாறிவிட்டது; 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.6 குழந்தைதான். கன்னா ஆராய்ச்சியும் வீண் போகவில்லை. பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகளை வயிற்றுப்போக்கு எவ்வாறு வாட்டுகிறது என்பதை அந்த ஏடுகளிலிருந்து உலகம் அறிந்துகொண்டது.

அயலார் வந்து ஆராய்ந்து போவது மட்டும் ஒத்துழைப்பு ஆகாது. 1956-இல் பம்பாயில் இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் சபை, சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை ஆகிய மூவரும் சேர்ந்து மக்கள் தொகை ஆராய்ச்சிக்கென ஒரு பயிற்சி நிலையத்தை நிறுவினார்கள். பிற ஆசிய நாடுகளின் மாணவர்களும் அங்கே வந்து பயின்றார்கள். இன்று அது சர்வதேச மக்கள் தொகை அறிவியல் கழகம் என்று பெயர் பெற்றிருக்கிறது. இந்நிலையம் ஹார்வர்டு, தென் கலிபோர்னியப் பல்கலைக் கழகங்களோடு சேர்ந்து 2017-18-இல் முதுமை பற்றிய பேராய்வு ஒன்றின் முதற் சுற்றை நடத்திற்று. 45 வயதைக் கடந்தோரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவருமாக 72,000-க்கு மேற்பட்டோர் அதில் இடம் பெற்றனர். 1992-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வோடும், 2004-இல் ஐரோப்பிய நாடுகளில் தொடங்கியதோடும் பொருத்திப் பார்க்கத்தக்க விதத்தில் கேள்விகள் அமைந்தன. எனக்கு மகிழ்ச்சி தருவது வேறொன்று. உடன் வாழாத பிள்ளைகளைப் பற்றியும், பெற்றோருக்கும் அவர்களுக்கும் இடையே நடக்கும் பண உதவியைப் பற்றியும் அதில் கேள்விகள் உண்டு. டில்லியில் இருக்கும் மகன் ஒருவாறு ஏட்டில் ஏறிவிட்டான்!

கொள்கை வகுப்போரும் இந்த உண்மையைச் சிறிது சிறிதாக ஏற்று வருகிறார்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, ஜீவனாம்சம் கோரும் பெற்றோர் தாம் வாழும் ஊரிலேயே மனுச் செய்யலாம். பிள்ளை வாழும் ஊரிலும் செய்யலாம். 2019-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2022-இல் நாடு முழுவதும் பரவிய ரேஷன் திட்டத்தில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை பெற்றவர், பிழைக்கப் போன ஊரிலேயே தானியத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளலாம். எஞ்சியதை வீட்டார் சொந்த ஊரில் அதே அட்டையைக் கொண்டு வாங்கலாம். தமிழ்நாட்டில் அதற்குக் குடும்ப அட்டை என்றே பெயர். இந்த வசதியை அறியாத தொழிலாளர் யாரேனும் உங்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால் அன்புகூர்ந்து எடுத்துச் சொல்லுங்கள்.