கடல் திண்டிவனத்திலேயே தொடங்குது!

(திண்டிவனத்தில் நடந்த விழுப்புரம் மாவட்டச் செயல்வீரர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக முழுமையாகப் பகிர்கிறோம்.)



"கடல் பாதுகாப்பைப் பற்றிப் பேச திண்டிவனத்துல எதுக்குக் கூட்டம்? மரக்காணத்துல வச்சிருக்கலாமே"ன்னு சிலர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். இங்கிருந்து மரக்காணம் கடற்கரைக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து இன்னும் தூரம். ஆனால் தெரிந்தேதான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம். ஏன்னா, நம்ம மாவட்டத்துக் கடல் மரக்காணத்துல தொடங்கல. திண்டிவனத்துலயும் மயிலத்துலயும் வானூர்லயும் இருக்கிற ஏரிகள்ல தொடங்குது.

இது புதுசா நான் கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. சங்க காலத்தில் இந்தப் பகுதியை ஓய்மாநாடு என்றார்கள். அதை ஆண்டவன் நல்லியக்கோடன். அவன் மீது பாடப்பட்டதுதான் சிறுபாணாற்றுப்படை. அதில் வருகிற கிடங்கில் என்ற ஊர், இன்றைக்குத் திண்டிவனத்தை ஒட்டியிருக்கிற கிடங்கல். அதே நூலில் வருகிற எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரை மரக்காணம் பக்கம் என்று அடையாளம் காட்டுகிற ஆய்வாளர்கள் உண்டு. அதாவது மருதமும் நெய்தலும் ஒரே நாடாக, ஒரே பொறுப்பில் இருந்த மண் இது. இன்றைக்கு? ஒரே தண்ணீரைப் பத்து அலுவலகம் பங்கு போட்டு வச்சிருக்கு.

கணக்குப் பண்ணிப் பாருங்க. நம்ம பக்கத்து ஏரிகளில் வழிகிற மழைநீரில் பெரும்பங்கு கிழக்கே போய்ச் சேர்கிற இடம் கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. 2021 டிசம்பரில் அதில் சுமார் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. அங்கிருந்து எடையன்திட்டு கழிமுகம் வழியாகத் தண்ணீர் வங்கக் கடலுக்குப் போகிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கிற தொட்டில் அந்தக் கழிமுகம்.

இப்போ அந்த ஒரு சொட்டுத் தண்ணீரின் பயணத்தைப் பின்தொடருங்கள். ஏரியில் இருக்கும்போது அது நீர்வளத்துறைக்குச் சொந்தம். சின்ன ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியம். ஏரிக்கரைப் புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை. சாக்கடை கலந்தால் நகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும். கழுவெளிக்குள் நுழைந்தால் வனத்துறை. பக்கத்தில் உப்பளத்துக்குள் பாய்ந்தால், உப்பு ஒன்றிய அரசுப் பட்டியலில் வருகிற விஷயம். கரைக்கு வந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், அதாவது சுற்றுச்சூழல் துறை. கடலில் இறங்கினால் மீன்வளத்துறை. அதுவும் 12 கடல் மைல் வரைக்கும்தான் மாநில அரசு. அதைத் தாண்டினால் ஒன்றிய அரசு.

மீனுக்கு இந்த எல்லைக்கோடு எதுவும் தெரியாது. கோப்புக்கு மட்டும்தான் தெரியும். நம் மக்கள் மாட்டிக்கிறது அந்தக் கோப்புக்கும் இந்தக் கோப்புக்கும் நடுவுல.

ஃபெஞ்சல் புயலை யாராவது மறந்திருப்பீங்களா? 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. கடற்கரையில் இல்லாத மயிலம்! திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வீட்டுக்குள்ள தண்ணி நின்னுது. அது வடிந்து போக வேண்டியது கடலுக்குத்தான். வழியில் வாய்க்கால் தூர்ந்திருந்தால், ஏரி ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால், கழுவெளியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால், கழிமுகத்தில் மணல் மூடியிருந்தால், தண்ணீர் எங்கே போகும்? திரும்பி நம்ம வீட்டுக்குத்தான் வரும். கழிமுகத்தைக் காப்பாற்றுவது பறவைக்காக மட்டும் இல்லை தோழர்களே. திண்டிவனத்தில் குடியிருக்கிற உங்களுக்காகவும்தான்.

இந்த மாவட்டத்தின் தெற்கு எல்லைக்கு வாங்க. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் போய்ப் பாருங்க. கடல் ஊருக்குள் வந்துகொண்டே இருக்கிறது. ஏன்? நம் கடற்கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் அங்கேயே தடைபட்டது. தெற்குப் பக்கம் கரை வளர்ந்தது, வடக்குப் பக்கம் கரை கரைந்தது. புதுச்சேரி நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அரிப்பு அங்கே நின்றுவிடவில்லை. வடக்கே நகர்ந்து நம்ம குப்பங்களுக்கு வந்துவிட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிறவர்களுக்குத் தெரியும். கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. கரை ஒன்றுதான், அரசு இரண்டு. ஒரு ஊரில் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த ஊரில் வீடு விழுகிறது. அடுத்த ஊர்க்காரர் தனக்கும் கல் கேட்கிறார். கேட்காமல் என்ன செய்வார்? வீடு போகுதே! அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு ஊராகக் கல் கொட்டிக்கொண்டே போனால், கடைசி ஊருக்கு யார் பதில் சொல்வது? தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வழிகாட்டலில் புதுச்சேரிக் கடலுக்கடியில் திட்டுக் கட்டி, மணலைக் கொட்டி, காணாமல் போன கடற்கரையில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வழி இருக்கிறது. ஆனால் அதை மாநில எல்லையோடு நிறுத்தாமல் முழுக் கரைக்கும் திட்டமிட வேண்டும்.

வடக்கு எல்லையில் அழகன்குப்பம், ஆலம்பரை. எடையன்திட்டு கழிமுகத்தின் இருபுறமும் மீன்பிடித் துறைமுகம் அமைக்கும் திட்டம் வந்தது. படகு நிறுத்த இடம் வேண்டும் என்பது மீனவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. கழிமுகம் அடைபட்டால் கழுவெளியே செத்துப்போகும் என்பது இன்னொரு கவலை. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நான் கேட்கிறது ஒண்ணுதான்: மீன்வளத்துறை, வனத்துறை, சுற்றுச்சூழல் துறை, நீர்வளத்துறை, ஊர்ப் பஞ்சாயத்தார் எல்லாரும் முதல் நாளே ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இல்லையா இது? வழக்கு மன்றத்தில்தான் அரசுத் துறைகள் ஒன்றையொன்று சந்திக்கணுமா?

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். 2023-24 நிதிநிலை அறிக்கையில், உலக வங்கி உதவியோடு ஐந்தாண்டுகளில் 2,000 கோடி ரூபாயில் நெய்தல் மீட்சி இயக்கம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. மரக்காணத்தில் 25 கோடியில் பன்னாட்டுப் பறவைகள் மையமும் அந்த அறிக்கையில்தான் வந்தது. பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரக் காவல் படை எல்லாரையும் சேர்த்துக் கூட்டு ரோந்து விட்டார்கள். சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனா, ஆமை செத்த பிறகுதான் சேரணுமா? அதுதான் நம் கேள்வி.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். புதுசா ஒரு வாரியம், புதுசா ஒரு ஆணையம் வேணும்னு நான் கேட்கல. ஏற்கெனவே ஒரு மேசை இருக்கு. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலான குழு அமைக்க வேண்டும். அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. மூன்று பேர் தோழர்களே! சட்டம் கொடுத்த நாற்காலி அது. யாரும் போடுகிற பிச்சை இல்லை.

உங்களில் எத்தனை பேருக்கு அந்த மூன்று பேர் யார் என்று தெரியும்? கடைசியாக அந்தக் குழு என்றைக்குக் கூடியது, என்ன முடிவு எடுத்தது என்று எந்தக் குப்பத்திலாவது தகவல் பலகையில் ஒட்டிப் பார்த்திருக்கீங்களா? ஊருக்குத் தெரியாத குழுவால் ஊருக்கு என்ன பயன்?

அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவக் கிராமங்கள், வலை உலர்த்தும் இடம், மீன் காயவைக்கும் இடம், படகு நிறுத்தும் இடம் எல்லாம் குறிக்கப்பட வேண்டும். மீனவக் குடும்பங்களின் எதிர்கால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வேண்டும். வரைபடத்தில் இல்லாத இடம் நாளைக்குக் காலி இடம் என்று கணக்காகும். காலி இடத்துக்கு விடுதியும் வரும், வேலியும் வரும். நம் பாட்டன் வலை காயப்போட்ட மணலில் நம் பேரன் அனுமதிச் சீட்டு வாங்கி நடக்கிற நிலை வரக் கூடாது.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு.

🔹 ஒன்று: மாவட்டக் கடலோரக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் கூட வேண்டும். ஒரு கூட்டமாவது மரக்காணத்தில் நடக்க வேண்டும். முடிவுகள் தமிழில், ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும்.

🔹 இரண்டு: ஏரியிலிருந்து கழிமுகம் வரை கழுவெளி நீர்ப்பிடிப்புப் பகுதி முழுமைக்கும் ஒரே திட்டம், அதற்கு ஒரே பொறுப்பு அதிகாரி. திண்டிவனத்துச் சாக்கடையும் அந்தத் திட்டத்துக்குள் வர வேண்டும்.

🔹 மூன்று: கடலரிப்புக்குத் தமிழ்நாடு, புதுச்சேரி இரு அரசுகளும் சேர்ந்த நிரந்தரக் கூட்டுக் குழு. ஒரு பக்கம் கல் போடும் முன் மறுபக்கத்து ஊரைக் கேட்க வேண்டும்.

🔹 நான்கு: நம் கடற்கரைக் குப்பங்களின் பொதுப் பயன்பாட்டு இடங்கள் அத்தனையும் ஊர் மக்கள் முன்னிலையில் அளந்து, வரைபடத்தில் ஏற்றப்பட வேண்டும்.

இதை நாலு பேருக்குப் பகிர்ந்துட்டு, ஒரு லைக் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க. வேலை இருக்கு.

கடற்கரை ஊர்த் தோழர்கள், அடுத்த கிராம சபையில் நான்காவது கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கிராம சபைத் தீர்மானத்தை எந்த அதிகாரியும் லேசில் ஒதுக்க முடியாது. விழுப்புரம் நகரத் தோழர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள்: குழுவில் யார் யார், எத்தனை முறை கூடியது, என்ன முடிவு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. திண்டிவனம், மயிலம், வானூர்த் தோழர்கள், உங்கள் ஊர் ஏரியின் போக்கு வாய்க்கால் எங்கே போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறதோ அங்கே படம் எடுத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுங்கள். மனு ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகாமல், மீன் பெருகட்டும் என்று விசைப்படகுத் தொழிலாளி கரையில் காத்திருக்கிறார். வருமானத்தை இழந்து கடலைக் காக்கிறார். அவர் தன் பங்கைச் செய்துவிட்டார். மேட்டில் இருக்கிற நாமும், மேசையில் இருக்கிற அரசும் நம் பங்கைச் செய்ய வேண்டாமா?

ஏரி வேறு, கழி வேறு, கடல் வேறு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கத்தை முதலில் நாம் விடுவோம். பிறகு அரசை விடச் சொல்வோம்.



#கழுவெளி #நெய்தல்காப்போம் #விழுப்புரம் #திண்டிவனம்